பேர்பெற்ற ஆட்டக்காரரும் கழகத்தின் கணக்கும்

திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் இணைக்கும் நெடுஞ்சாலை மாநிலம் மாறுகிற இடத்தில் அமைந்த களியக்காவிளையில், கால்பந்தாட்ட அபிமானி ஒருவர் எந்த மாநிலத்துக் கழகத்தைத் தம்முடையதாகக் கொள்வது என்ற பிரச்சினைக்கு இன்றளவும் முடிவு ஏற்பட்டதில்லை. கொச்சி ஒரு பகல் பயணத்தில் இருக்கிறது. சென்னைக்கோ ஓர் இரவு முழுவதும் வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகையால் இவ்வூர்ச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும், சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டை அணிந்த பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை அணிந்த பிள்ளைகளையும் காணலாம். மே மாதம் வந்து ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் முடிவடையும் பருவம் நெருங்கியதும், இரு தரப்பாரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் தேநீர்க் கடைகளில் தர்க்கம் செய்கிறார்கள்: உலகப் பிரசித்தி பெற்ற இன்னார் இப்பொழுது எந்தக் கழகத்துக்கும் கட்டுப்படாமல் இருக்கிறாரே, அவரை நம் கழகம் எவ்வளவு பணம் கொடுத்தேனும் கொண்டுவந்துவிட்டால் என்ன?

இந்த ஆசையை நான் இழிவாகக் கருதவில்லை. தொலைக்காட்சியில் மட்டுமே கண்டு வியந்த ஒருவர் தம்முடைய கழகத்தின் சட்டையை அணிந்துகொண்டு மைதானத்துக்குள் அடியெடுத்து வைக்கும் காட்சியை விரும்பாத ரசிகர் எங்குமில்லை. ஆனால் இந்த ஆசை எத்தனை முறை நிறைவேறியது, நிறைவேறிய இடங்களில் கழகத்துக்கு விளைந்தது என்ன என்பதை நம் கண்ணெதிரே நடந்த சரித்திரத்தைக் கொண்டே பார்க்க முடியும். தூர தேசத்து உதாரணங்களுக்குப் போக வேண்டிய அவசியம் அதிகமில்லை.

2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ், பல்கேரியாவின் டிமிடார் பெர்பட்டோவை ஒப்பந்தம் செய்தது. மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் 2010-11 பருவத்தில் 20 கோல்கள் அடித்து இங்கிலாந்தின் முதன்மை லீகில் அதிக கோல் அடித்தோர் வரிசையின் தலைமை இடத்தைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பந்து உயரத்திலிருந்து விழும்பொழுது அதைக் காலின் மேற்புறத்தில் ஓசைப்படாமல் ஏந்திக்கொள்ளும் அவருடைய லாகவத்தைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். கொச்சிக்கு வந்தபொழுது அவருக்கு வயது 36; அதற்கு முந்திய ஆண்டில் கிரேக்கத்தின் பாவோக் கழகத்தை விட்டு நீங்கியபின் எந்தக் கழகத்துக்கும் ஆடாமல் இருந்தார். ஆயினும், மான்செஸ்டரில் அவரை அறிந்திருந்த ரெனே மியூலன்ஸ்டீன் பயிற்சியாளராக இருந்தபடியால், காரியம் கைகூடிவிடும் என்றே எல்லோரும் நம்பினர்.

நவம்பர் 17-ஆம் தேதி கொச்சியின் கலூர் மைதானத்தில் நடந்த முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. தொடை இழுத்துக்கொண்டது, உடல் சீராகவில்லை என்ற செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜனவரி பிறந்ததுமே மியூலன்ஸ்டீன் விலக, டேவிட் ஜேம்ஸ் பொறுப்பேற்றார். பருவம் முடிவடையும் தறுவாயில் பெர்பட்டோவின் கணக்கில் இருந்தவை 9 ஆட்டங்களும் 1 கோலும் மட்டுமே. அவர் ஊர் திரும்பும்பொழுது புதிய பயிற்சியாளரின் முறைகளைப் பகிரங்கமாகக் கண்டித்துவிட்டுப் போனார். பத்துக் கழகங்களில் பிளாஸ்டர்ஸ் ஆறாம் இடத்தில் நின்றது. அதே பருவத்தில் அதே கழகத்துக்கு, பெர்பட்டோவின் கீர்த்தியில் ஒரு பங்கும் இல்லாத கனடா நாட்டு இயான் ஹ்யூம், தலையில் கட்டுடன் ஆடி டெல்லிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெர்பட்டோவின் மீது குற்றம் சாட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவர் எப்பொழுதுமே ஓடிக் களைக்கும் ஆட்டக்காரராக இருந்ததில்லை. தமக்கு முன்னும் பின்னும் பிறர் ஓட, தாம் நின்ற இடத்திலிருந்து பந்தை உரிய தருணத்தில் உரியவரிடம் சேர்ப்பதே அவருடைய வித்தை. அவ்வித்தைக்கு வேண்டிய துணைவர்கள் சுற்றிலும் இருந்தார்களா என்று விசாரிக்காமல் அவரை மட்டும் வரவழைத்ததில்தான் பிழை இருந்தது. இற்றுப்போன பலகையைக் கொண்ட வள்ளத்தில் விலையுயர்ந்த இயந்திரத்தைப் பூட்டிக் கடலில் இறக்கினால் கரைசேரப் போவதில்லை என்பது எங்கள் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும்.

ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விஷயத்தில் சாதாரண ரசிகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பழைய காலத்தில், ஒப்பந்தம் தீர்ந்த பின்னும்கூட ஆட்டக்காரரைக் கழகம் தன் சொத்தாகவே பாவித்து, வேறு கழகம் விலை கொடுத்தாலொழிய விடுவதில்லை. பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்தில் ஆடிய ஜான்-மார்க் போஸ்மன், 1990-இல் பிரான்சின் டன்கர்க் கழகத்துக்குப் போக விரும்பித் தடுக்கப்பட்டபொழுது நீதிமன்றத்தை நாடினார். ஐந்தாண்டு வழக்கின் பின், 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தவர் விலையின்றிப் பெயரலாம் என்ற இன்றைய நியாயம் அதிலிருந்து பிறந்தது. தொழிலாளியின் சுதந்திரம் என்ற முறையில் அந்தத் தீர்ப்பு முற்றிலும் நீதியானது. அதை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் பழைய கழகத்துக்குப் போக வேண்டிய விலை மறைந்துபோனதேயன்றி, புதிய கழகத்தின் செலவு மறைந்துபோகவில்லை. அந்தத் தொகையின் பெரும்பகுதி, கையெழுத்திடும்பொழுது தரும் முன்பணமாகவும், தரகரின் ஊதியமாகவும், ஆண்டுக்கு ஆண்டு ஏறிய சம்பளமாகவும் உருமாறி அதே கழகத்தின் பணப்பெட்டியிலிருந்துதான் வெளியேறுகிறது. மேலும், விலை கொடுத்து வாங்கிய இளைஞர் ஒருவர் நன்றாக ஆடினால் அவரை நாளை வேறொரு கழகத்துக்கு விற்று முதலை மீட்டுக்கொள்ளலாம். முப்பத்தைந்து வயதில் வரும் பிரபலத்தை யாருக்கும் விற்க முடியாது. அவருக்காகச் செலவிட்டது செலவிட்டதேதான். சட்டை விற்று ஈடுகட்டிவிடலாம் என்று சொல்வோர், ஒரு சட்டையின் விலையில் பெரும்பங்கு தயாரிப்பாளருக்கும் கடைக்காரருக்கும் போய்விடுவதையும், நம் ஊர்ச் சாலையோரத்தில் தொங்கும் சட்டைகளில் கழகத்துக்கு ஒரு பைசாவும் சேராததையும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தியன் சூப்பர் லீகில் ஒரு கழகம் சம்பளத்துக்காகச் செலவிடும் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. சில பருவங்களில் அது 16 கோடியே 50 லட்சம் ரூபாயாக இருந்தது. வரம்புக்குள் அடங்கும் ஒருவருக்கு மட்டும் 3 கோடி என்று வைத்துக்கொண்டால், எஞ்சிய பதின்மூன்றரைக் கோடியைத்தான் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மற்றவர்களுக்குப் பகிர வேண்டும். மத்திய களத்தில் பந்தைப் பறிப்பவர், இடதுபுறத்தில் ஏறி இறங்கி உழைப்பவர், இரண்டாம் கோல்காப்பாளர் ஆகிய பெயரறியாத மனிதர்களின் தரம் அந்தப் பங்கீட்டில்தான் குறைகிறது.

பணம் எப்படி ஒரு கழகத்தையே விழுங்கிவிடும் என்பதற்கு, கொச்சியிலேயே இன்னொரு பழைய கதை இருக்கிறது. 1997-இல், நாட்டின் முதல் முழுத் தொழில்முறைக் கழகம் என்ற பெருமிதத்தோடு எஃப்.சி. கொச்சின் தொடங்கப்பட்டது. வங்காளத்தின் பெரிய கழகங்களும் பஞ்சாபின் ஜே.சி.டி.யும் வைத்திருந்த ஆட்டக்காரர்களை, அதுவரை இந்தியாவில் யாரும் கேள்விப்படாத சம்பளம் பேசி ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தார்கள். ஐ.எம்.விஜயன் வந்தார்; ஜோ பால் அஞ்சேரி வந்தார்; கார்ல்டன் சாப்மன் வந்தார். நம் தமிழ்நாட்டின் ராமன் விஜயனும் அந்த அணியில் இருந்தார். 1997-98 தேசிய லீகில் 10 கோல்கள் அடித்து எல்லோரையும் முந்தியவர் அவர்தான். முதல் ஆண்டிலேயே டூராண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை வென்று, கேரளத்துக்கு முதன்முதலாக அக்கோப்பையைக் கொண்டுவந்தார்கள். திருவனந்தபுரத்திலும் எல்லைக்கு இப்பாலும் கால்பந்து பேசிய அத்தனை பேரும் பொற்காலம் பிறந்துவிட்டதாகவே எண்ணினர்.

பொற்காலம் நீடிக்கவில்லை. சம்பளம் பேசிய வேகத்தில் வருமானத்துக்கு வழி தேடப்படவில்லை. விளம்பரதாரரின் ஆதரவு வறண்டது. தொலைக்காட்சிப் பணம் என்று சொல்லத்தக்கது அந்நாளில் இல்லை. பேர்பெற்றவர்கள் வேறு கழகங்களுக்குப் போனார்கள். எஞ்சியவர்களுக்குச் சம்பளம் நிலுவையில் நின்றது. 2002-ஆம் ஆண்டளவில் கழகமே இல்லாமல் போயிற்று. இந்தக் கதையைச் சொல்லும்பொழுது என் மனம் எப்பொழுதும் கனக்கிறது. ஏனெனில், அங்கே வந்த ஆட்டக்காரர்களில் எவரும் சோடை போனவர் அல்லர், அத்தனை பேரும் தம் கடமையைச் செய்தவர்கள். ஆட்டக்காரர் தேர்வு முற்றிலும் சரியாக அமைந்தாலும்கூட, வரவுக்கு மிஞ்சிய சம்பளத்தின் மீது எழுப்பிய ஸ்தாபனம் நான்கைந்து ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்பதை எஃப்.சி. கொச்சின் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய உதாரணம் இந்தியாவில் இல்லை.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பமானபொழுது, ஒவ்வொரு கழகமும் உலகப் பிரபலம் ஒருவரைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்றே விதி செய்திருந்தார்கள். புதிதாகக் கடைவிரிப்பவர்கள் ஜனங்களைத் திரும்பிப் பார்க்கச் செய்வதற்கு அது வேண்டியதாக இருந்திருக்கலாம். அதில் நான் குறை காணவில்லை. யுவென்டஸில் பேர்பெற்ற அலெசாண்ட்ரோ டெல் பியரோ நாற்பதாவது வயதை எட்டும் தறுவாயில் டெல்லிக்கு வந்து, 10 ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் அடித்தார். டெல்லி அரையிறுதியை எட்டவில்லை. ஆனால் சென்னைக்கு வந்த பிரேசிலின் எலானோ 8 கோல்கள் அடித்து அப்பருவத்தின் அதிக கோல் அடித்தவராகத் திகழ, சென்னையின் எஃப்.சி. பட்டியலின் தலைமை இடத்தைப் பிடித்தது. ஆகவே பிரபலங்கள் அனைவரும் வீண் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. ஆயினும் அப்பருவத்தின் இறுதி ஆட்டத்தைக் கொல்கத்தாவுக்காக முடித்துவைத்ததோ, கூடுதல் நிமிடங்களில் தலையால் முட்டிக் கோல் அடித்த முகம்மது ரஃபீக் என்ற வங்காளத்து இளைஞர். கொல்கத்தாவின் பிரபலமான லூயிஸ் கார்சியா அல்ல.

அடுத்த ஆண்டு சென்னையின் கதை இன்னும் சுவையானது. எலானோ அப்பொழுதும் அணியின் பிரபல முகமாக இருந்தார். ஆயினும் அணியைத் தூக்கிச் சென்றவர், பெயரளவில் யாரும் பொருட்படுத்தாத கொலம்பியர் ஸ்டீவன் மென்டோசா. 13 கோல்கள் அடித்தார். டிசம்பர் மாத வெள்ளம் சென்னையை மூழ்கடித்திருந்தபடியால் சொந்த ஊர் அரையிறுதியையே புனேயில் ஆட நேர்ந்த அந்த அணி, டிசம்பர் 20 அன்று ஃபட்டோர்டாவில் கோவாவை 3-2 என்று வென்று கோப்பையைப் பெற்றது. வெற்றிக் கோல் மென்டோசாவினுடையது. சில ஆண்டுகளுக்குள் பிரபலம் கட்டாயம் என்ற விதியும் கைவிடப்பட்டது.

பிரபலத்தால் ஆதாயம் அடைந்த கழகங்கள் எப்படி அடைந்தன? 2011-இல் மிலன் கழகம் வேண்டாமென்று விட்ட ஆந்திரேயா பிர்லோவை, 32 வயதில், விலையின்றி யுவென்டஸ் எடுத்துக்கொண்டது. அந்த அணியில் ஓடுவதற்கு ஆட்கள் இருந்தனர், பறிப்பதற்கு ஆட்கள் இருந்தனர். பந்தை நிதானமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் மூளை ஒன்று மட்டுமே குறைவாக இருந்தது. அந்த ஒரே வெற்றிடத்தில் பிர்லோ போய் அமர்ந்தார். முதல் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்ற யுவென்டஸ், அவர் இருந்த நான்கு பருவங்களிலும் இத்தாலிய லீகைக் கைப்பற்றியது. பத்தாண்டு கழித்து, 2021-இல், பாரிஸ் சாங் ஜெர்மாங் கழகம் லியோனல் மெஸ்ஸியையே விலையின்றிப் பெற்றது; ஏற்கனவே நெய்மரும் எம்பாப்பேயும் இருந்த முன்களத்தில் மூன்றாவதாக அவரை நிறுத்தியது. இரண்டு பருவங்களிலும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகில் கடைசிப் பதினாறு அணிகளின் சுற்றோடு அக்கழகம் வெளியேறிற்று. மூவரும் போய்விட்ட பின், 2025 மே 31 அன்று, இன்டர் மிலனை 5-0 என்று வென்று அதே கோப்பையைப் பெற்றது. மெஸ்ஸியைவிடச் சிறந்த ஆட்டக்காரரை எங்கே போய்த் தேடுவது? ஆகவே ஆட்டக்காரரின் மகிமையை அளப்பதை நிறுத்திவிட்டு, அணியில் உள்ள வெற்றிடத்தை முதலில் அளந்து பார்ப்பதே நிர்வாகத்தின் வேலை.

இந்த நியாயத்தை எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் எந்த நிபுணரிடமும் கற்கவில்லை. களியக்காவிளைக்குத் தெற்கே, நீரோடி தொடங்கி மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை வரையில் அடுத்தடுத்துக் கிடக்கும் மீனவக் கிராமங்களில் கால்பந்து தெருவோடு தெருவாகக் கலந்தது. அணிக்கு எழுவராக விளக்கொளியில் ஆடும் செவன்ஸ் போட்டிகளுக்கு, ஊர்க்காரர்களிடம் பிரிவெடுத்து வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர்களைக் கொண்டுவருவது இங்கே வழக்கம். அப்படி வந்த ஒருவர் மூச்சு வாங்கி இடையில் கைவைத்து நின்றபொழுது, வரம்புக் கோட்டருகே கைலியை மடித்துக் கட்டி நின்ற பெரியவர் ஒருவர், போட்டிக் கமிட்டியைச் சேர்ந்த பையனைத் திரும்பிப் பார்த்து, “ஓடமாட்டான்னு தெரிஞ்சா பின்ன எதுக்கு மக்கா இவன கூட்டிட்டு வந்தீங்க? நம்ம பயல எறக்கியிருந்தா ஓடியாவது இருப்பானே” என்று கேட்டதை நான் அருகிருந்து கேட்டேன். பையன் பதில் சொல்லவில்லை.

“நம்ம பயல்” என்று அப்பெரியவர் சொன்னது வெறும் அபிமான வார்த்தையன்று. இதே இரவிபுத்தன்துறையிலிருந்து சென்ற மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி கழகத்தின் மூலம் ஐ-லீகில் பெயரெடுத்து, 2018-இல் ஜாம்ஷெட்பூருக்கும் அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏ.டி.கே.க்கும் போய், 2019-20 பருவத்தில் சூப்பர் லீக் பட்டம் வென்ற அணியில் ஆடினார். 2020 நவம்பரில், அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்து அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். 26 வயதுக் காலுக்கே இந்த அபாயம் உண்டென்றால், 36 வயதுக் காலை நம்பிக் கழகத்தின் கருவூலத்தைத் திறப்பவர்கள் எத்தனை முறை யோசிக்க வேண்டும்! சூசைராஜைக் கண்டெடுத்த சென்னை சிட்டியோ, ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரொட்ரிகஸ் முதலியோரைத் தமிழ்நாட்டு இளைஞர்களோடு சேர்த்து, 2018-19-இல் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. மான்சி 21 கோல்கள் அடித்தார். ஐரோப்பாவில் அவர் பெயரைச் சொன்னால் அப்பொழுது யாருக்கும் தெரிந்திராது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி, சென்னை சிட்டி 43 புள்ளி. கோயம்புத்தூரில் நடந்த கடைசி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தவர் கௌரவ் போரா என்ற தற்காப்பு ஆட்டக்காரர்.

விலையின்றி ஆட்டக்காரர் பெயர்வதில் கிராமத்துக் கழகங்களுக்கு நேரும் நஷ்டம் பலருக்குத் தெரியாது. நாடு விட்டு நாடு ஓர் ஆட்டக்காரர் விலைக்கு மாற்றப்படும்பொழுது, அவ்விலையில் 5 சதவீதத்தை, அவருடைய 12-ஆம் வயது முதல் 23-ஆம் வயது வரையில் பயிற்சி கொடுத்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபாவின் விதி. விலையே இல்லாத இடத்தில் 5 சதவீதமும் இல்லை. இளைஞர்களுக்கென்று பயிற்சி இழப்பீடு என்ற வேறோர் ஏற்பாடு இருந்தாலும், முதிர்ந்த நட்சத்திரங்களுக்கு அது பொருந்துவதில்லை. தரகரிடமும் நட்சத்திரத்திடமும் போய்ச் சேரும் தொகையில், அவர் சிறுவனாக இருந்தபொழுது பந்தும் பாதணியும் வாங்கிக் கொடுத்த எந்த ஊர்க் கழகத்துக்கும் பங்கு கிடைப்பதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

அண்மைக் காலத்தில் எங்கள் ஊரில் அதிக வாதத்தை எழுப்பியது டிமிட்ரியோஸ் டயமன்டகோஸின் விஷயம். 2023-24 பருவத்தில் 13 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி பெற்ற இந்தக் கிரேக்கர், அப்பருவத்தோடு ஒப்பந்தம் முடிந்ததும் கேரளா பிளாஸ்டர்ஸை விட்டு ஈஸ்ட் பெங்காலோடு இரண்டாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். விலையில்லை, வயது 31, கையில் விருது. ஆசைப்படாதவர் யார்? ஈஸ்ட் பெங்கால் அடுத்த பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. இடையில் பயிற்சியாளர் கார்லஸ் குவாட்ராட் விலகினார். பதின்மூன்று கழகங்களில் ஒன்பதாம் இடமே மிஞ்சிற்று. இரண்டாவது ஆண்டு தொடங்குமுன் டயமன்டகோஸும் கழகமும் பிரிந்தனர். அவரைப் போகவிட்ட பிளாஸ்டர்ஸ், ஹெசூஸ் ஹிமெனெஸ் என்ற ஸ்பானியரைக் கொண்டுவந்தது; அவர் 11 கோல்கள் அடித்தார். ஆனாலும் பிளாஸ்டர்ஸ் எட்டாம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. போகவிட்டது சரி என்பவர்களும் தவறு என்பவர்களும் இந்தக் கணக்கை அவரவர் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், முன்களத்தில் யார் நின்றாலும் பின்களத்தில் நிலையான நால்வர் அமையாதவரை இரண்டு கழகங்களுக்கும் வேறு கதி இருந்திருக்காது.

ஆகையால் என்னைக் கேட்டால், டயமன்டகோஸைப் போன்ற ஒருவர் மறுபடியும் சந்தைக்கு வரும்பொழுது அவரை மறுக்கச் சொல்ல மாட்டேன். முதலாண்டுக்கு மட்டும் உறுதியான ஒப்பந்தம் கொடுத்து, ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே இரண்டாம் ஆண்டு தானாகத் தொடரும்படி எழுதச் சொல்வேன். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடச் சொல்வேன். 2025 ஜூலையில், லீகின் வணிக உரிமை பற்றிய உடன்படிக்கை புதுப்பிக்கப்படாமையால் சூப்பர் லீகின் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டு, ஆகஸ்டில் சில கழகங்கள் முதல் அணியின் சம்பளத்தையே நிறுத்தியபொழுது, நீண்ட கால ஒப்பந்தங்களின் சுமை எத்தகையது என்பது எல்லோருக்கும் புரிந்தது. அந்த மாதங்களில் வெளிநாட்டவர்களுக்கு வேறு தேசம் இருந்தது. தூத்தூர், வள்ளவிளைப் பையன்களுக்கு இந்த லீகை விட்டால் போவதற்கு வேறு தேசம் இல்லை. அவர்களுடைய சம்பளம் முதலில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான், புதிய பிரபலத்தின் படம் பத்திரிகையில் வரும் நாளில் களியக்காவிளை ரசிகர்கள் தங்கள் தங்கள் கழகத்திடம் கேட்க வேண்டும்.